'உடம்புக்குப் பழகிவிட்டது' என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்குமா?

வாசகர் கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வயது 46, எடை 70 கிலோ. சென்ற மாதம் நண்பர் மகனின் கல்யாண விருந்தில், இரவு 7 மணியிலிருந்து மூன்று பெரிய போத்தல் பீரும் கடைசியாகக் கொஞ்சம் சம்சு சாராயமும் குடித்தேன். பிறகு என் காரை நானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். இரவு 11.30 வாக்கில் சாலைத் தடுப்பில் போலீசார் நிறுத்தினார்கள். நேராக நின்றேன், கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன், தள்ளாடவில்லை. ஆனால் நிலையத்தில் எடுத்த மூச்சுச் சோதனையில் 58 என்று வந்துவிட்டது. நான் இருபது வருடத்துக்கு மேலாகக் குடிப்பவன். இந்த அளவெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யாது. 'உடம்பு பழகியவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது' என்று சொல்லி அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் வழக்கை உடைக்கிறார்கள் என்று மச்சான் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். அதையே நானும் சொல்லலாமா? லோரி ஓட்டுவதற்கான என் ஜிடிஎல் லைசென்ஸ் போய்விடுமா? மறுபடி நிறுத்தினால் சோதனைக்கு மறுத்துவிடும்படி சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்:

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீதான குற்றச்சாட்டு நான் நினைக்கிற பிரிவின் கீழ் இருந்தால், உடம்பு பழகிவிட்டது என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. அது மட்டுமல்ல, அதை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பவும் கூடும். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே எண்ணத்தோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தோட்டப்புறத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் உங்களிடம் கொடுக்கப்பட்ட தாளை எடுத்து, எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, அதாவது எல்லாரும் 'அக்தா 333' என்று சொல்லும் சட்டம், குடித்துவிட்டு ஓட்டுவதை ஒரே குற்றமாக வைத்திருக்கவில்லை. விபத்தில் யாருக்கும் காயமோ உயிரிழப்போ இல்லாமல், சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டு, மூச்சுச் சோதனையில் அளவு மீறியிருந்தால் வழக்கமாக வரும் குற்றச்சாட்டு பிரிவு 45ஏ(1). நீங்கள் விவரித்திருப்பது அப்படியே அதற்குப் பொருந்துகிறது என்பதால், உங்கள் தாளிலும் அந்த எண்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இந்த 45ஏ பிரிவில் நீங்கள் போதையில் இருந்தீர்களா, தெளிவாக இருந்தீர்களா என்ற கேள்வியே எழுவதில்லை. சாலையிலோ பொது இடத்திலோ வாகனத்தை ஓட்டியபோது, அல்லது ஓட்ட முயன்றபோது, உங்கள் மூச்சில், இரத்தத்தில் அல்லது சிறுநீரில் இருந்த ஆல்கஹால் குறிக்கப்பட்ட வரம்பைத் தாண்டியிருந்ததா என்பது மட்டுமே கேள்வி. வரம்பு மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம், சிறுநீரில் 67 மில்லிகிராம். 2020 அக்டோபர் 23 வரை இவை முறையே 35, 80, 107 ஆக இருந்தன. அந்த ஆண்டில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்கள் நாட்டில் பெரும் கொதிப்பை ஏற்படுத்தியதும், நாடாளுமன்றம் வரம்பைக் குறைத்துத் தண்டனையைக் கூட்டியது. பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு 'இரண்டு போத்தல் தாங்கும்' என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் 58 அந்தப் பழைய வரம்பையே தாண்டியது. புதிய வரம்பைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஆகவே, 'நான் நேராக நின்றேன், ஒழுங்காகப் பேசினேன்' என்று நீங்கள் சொல்வதை மாஜிஸ்திரேட் முழுமையாக நம்பினாலும், அதனால் 45ஏ குற்றச்சாட்டு அசையாது. ஆல்கஹாலைத் தாங்கும் சக்தி என்பது நடத்தையைப் பற்றிய விஷயம். இந்தப் பிரிவோ எண்ணைப் பற்றியது. எடைமேடையில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதாகப் பிடிபட்ட லோரிக்கு, 'என் இஞ்சின் பலமானது, இந்தப் பாரத்தை இழுக்கும்' என்று பதில் சொல்வதைப் போன்றதுதான் இது. இழுக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கேள்வி அதுவல்ல.

மச்சான் அனுப்பிய செய்தி முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் ஒரே சம்பவத்துக்கு இரண்டு விதமாகக் குற்றஞ்சாட்ட முடியும். ஒன்று, மதுவால் ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தது என்பது. மற்றொன்று, இரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆல்கஹால் இருந்தது என்பது. அங்கே பொதுவான வரம்பு நமது முறையில் சொன்னால் 80 மில்லிகிராம். யூட்டா மாநிலம் மட்டும் அதை 50 ஆகக் குறைத்தது. முதல் வகையில் அரசுத் தரப்பு பாதிப்பை நிரூபிக்க வேண்டியிருப்பதால், 'இவர் நீண்டகாலமாகக் குடிப்பவர், இந்த அளவு இவருடைய கைகால்களையோ பேச்சையோ பாதிக்கவில்லை' என்ற வாதத்துக்கு இடம் உண்டு. இரண்டாவது வகையில் அந்த வாதம் அங்கேயும் நேரடியாகப் பயன்படுவதில்லை. அங்குள்ள வழக்கறிஞர்கள் அதைச் சுற்றிவளைத்துப் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில்தான் ஒரு பொறியும் இருக்கிறது. அதற்குப் போகுமுன், உடம்பு பழகுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நீண்டகாலம் குடிப்பவர்களிடம் இரண்டு மாற்றங்கள் ஏற்படுகின்றன. பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஒன்று மூளையில் நடப்பது. அதே அளவு ஆல்கஹால் இரத்தத்தில் இருந்தாலும், பழகிய மூளை முன்னைப் போலத் தடுமாறுவதில்லை. அடிக்கடி செய்கிற வேலைகளில் இது நன்றாகவே தெரியும். தினமும் போகிற பாதையில் நடப்பது, தெரிந்தவர்களோடு பேசுவது, பொத்தானைச் சரியாகப் போடுவது, இவையெல்லாம் குடித்த நிலையிலும் வாடிக்கையாகச் செய்து செய்து கைவந்துவிடுகின்றன. ஆனால் எதிர்பாராத ஒன்றுக்குச் சட்டென்று எதிர்வினை காட்டுவதும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிப்பதும் அப்படிப் பழகிவிடுவதில்லை. இருட்டில் விளக்கில்லாத சைக்கிள் ஒன்று குறுக்கே வரும்போது தேவைப்படுவது அந்த இரண்டும்தான். சாலைத் தடுப்பில் நேராக நின்றதை வைத்து அதை அளக்க முடியாது.

இன்னொன்று கல்லீரலில் நடப்பது. சாதாரண ஆளின் உடம்பு மணிக்கு, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் வரை ஆல்கஹாலைக் கழிக்கும். சராசரியாக 15 என்று கணக்கிடுவார்கள். அதிகமாகக் குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் கூடுதல் நொதிகள் தூண்டப்படுவதால் இந்த வேகம் 20-க்கு மேலும் போகலாம். கல்லீரல் கெட்டுப்போன பிறகு இதே வேகம் குறைந்துவிடவும் கூடும். இந்த இரண்டாவது மாற்றம் கருவி காட்டும் எண்ணைப் பாதிக்கும். முதல் மாற்றம் பாதிக்காது. 'எனக்கு ஒன்றும் செய்யாது' என்று நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை.

இதனோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. ஆங்கிலேய ஆய்வாளர் எட்வர்ட் மெலன்பி 1919-இல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும்போது தெரியும் தள்ளாட்டம், பிறகு அது இறங்கும்போது அதே அளவில் குறைந்து தெரிவதைக் கண்டார். ஒரே இரவுக்குள், சில மணி நேரத்துக்குள் நிகழும் பழக்கம் இது. விருந்தின் நடுவில் தலை சுற்றியவர், எல்லாம் முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்து காற்றுப் பட்டதும் 'இப்போது தெளிந்துவிட்டது' என்று நினைத்துச் சாவியை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தெளிவு உணர்வு மட்டுமே. அளவு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

இனி அந்தப் பொறிக்கு வருகிறேன். அமெரிக்க வழக்கறிஞர்கள் எண்ணைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க முயலும் வழி இதுதான்: 'கருவி காட்டும் அளவு உண்மையென்றால் இவர் தள்ளாடியிருக்க வேண்டும், நாக்குக் குழறியிருக்க வேண்டும், ஆனால் காணொளியில் இவர் தெளிவாக இருக்கிறார், ஆகவே எண்தான் தவறு.' கேட்பதற்கு நல்ல வாதம். நம் நாட்டிலும், கருவியின் நம்பகத்தன்மை குறித்து வேறு ஐயங்கள் இருக்கும் வழக்கில், இதை ஒரு துணைச் சான்றாகச் சொல்லிப் பார்க்க இடமுண்டு. ஆனால் இந்த வாதத்துக்கு உயிர் இருக்க வேண்டுமானால், குற்றஞ்சாட்டப்பட்டவர் அவ்வப்போது மட்டும் குடிப்பவராக இருக்க வேண்டும். அதிகம் குடிக்காத ஒருவர் 58-இல் தெளிவாக நின்றார் என்றால்தான் 'எப்படி?' என்ற கேள்வி எழும். இருபது வருடப் பழக்கம் உள்ளவர் தெளிவாக நின்றார் என்றால் அதில் வியப்பே இல்லை. தெளிவுக்கும் எண்ணுக்கும் இடையில் முரண்பாடும் இல்லை. 'உடம்பு பழகிவிட்டது' என்று நீங்கள் சொன்ன மறுகணமே, 'கருவி தவறு' என்ற உங்கள் மற்றொரு வாதத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். இரண்டையும் ஒரே வழக்கில் சொல்ல முடியாது.

சாட்சிக் கூண்டில் இது எப்படி நடக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க, அரசுத் தரப்பு அதிகாரி சத்தம் போடாமல் சாதாரணமாகத்தான் கேட்பார். 'அன்றிரவு எத்தனை போத்தல்?' மூன்று என்பீர்கள். 'வேறு ஏதாவது?' கொஞ்சம் சம்சு என்பீர்கள். 'வாரத்தில் எத்தனை நாள் குடிப்பீர்கள்?' பழகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால் தினமும் என்று சொல்லியாக வேண்டும். சில நாட்கள் மட்டும் என்றால் பழக்கம் என்ற வாதமே விழுந்துவிடும். 'தினமும் குடித்துவிட்டு வேலைக்கு லோரி ஓட்டுகிறீர்களா?' இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் உங்களுக்கு நல்லதல்ல. இல்லை என்றால் நம்புவதற்கு ஆளிருக்காது. ஆம் என்றால் தண்டனையின் போது மாஜிஸ்திரேட் மனத்தில் நிற்கப்போவது அந்த ஒரு சொல்தான்.

கருவி காட்டிய எண் நம்ப முடியாததா என்பதையும் உங்கள் கடிதத்தில் உள்ளதைக் கொண்டே பார்த்துவிடலாம். பெரிய பீர் போத்தல் 640 மில்லிலிட்டர் அளவுடையது; 5 விழுக்காடு ஆல்கஹால் என்றால் ஒரு போத்தலில் ஏறத்தாழ 25 கிராம், மூன்றில் 75 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது முழுவதும் ஒரேயடியாக இரத்தத்தில் சேர்ந்தால் 100 மில்லிலிட்டருக்கு 155 மில்லிகிராம் அளவுக்கு வரும். நாலரை மணி நேரத்தில் 65, 70 கழிந்திருக்கும் என்று வைத்தாலும் பீருக்கு மட்டுமே 85, 90 எஞ்சுகிறது. அதன்மேல் கடைசியாகக் குடித்த சம்சு. உங்கள் 58 மைக்ரோகிராமை இரத்தக் கணக்குக்கு மாற்றினால், சட்டத்தின் 22-க்கு 50 என்ற விகிதப்படி, சுமார் 130 மில்லிகிராம். நீங்கள் சொன்ன 'கொஞ்சம்' சம்சுதான் அந்த வித்தியாசம். சம்சு போத்தல் அளவில் சிறியது என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பீரைப் போல் பல மடங்கு வீரியம் அதில் இருக்கிறது. ஆகவே, உங்கள் வாக்குமூலமே எண்ணோடு ஒத்துப்போகிறது. குடித்த அளவைக் கொண்டு கருவியை மறுக்க உங்களுக்கு வழியில்லை.

சிலர் இன்னொரு கோணத்தில் கேட்பார்கள்: சோதனை எடுத்தது ஓட்டி முடித்துச் சற்று நேரம் கழித்து, கடைசியாகக் குடித்த சம்சு அப்போதுதான் இரத்தத்தில் ஏறியிருக்கும், ஓட்டும்போது குறைவாக இருந்திருக்குமே என்று. அறிவியல் அடிப்படையில் அது சாத்தியம்தான். ஆனால் ஓட்டிய நேரத்தில் இருந்த அளவு, சோதனையில் கண்ட அளவுக்குக் குறைந்ததல்ல என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. ஓட்டி முடித்த பிறகு, சோதனைக்கு முன், புதிதாகக் குடித்ததால்தான் வரம்பு மீறியது என்று குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபித்தால் மட்டுமே அந்த அனுமானம் விலகும். போலீஸ் வாகனத்தில் ஏறிய நீங்கள் இடையில் எங்கும் குடித்திருக்க வழியில்லை.

அப்படியானால் தாங்கும் சக்தி என்ற வாதத்துக்கு நம் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் குறுகலாக இருக்கிறது. பிரிவு 45, மதுவின் அல்லது போதைப்பொருளின் தாக்கத்தால் வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதைப் பற்றியது. அங்கே அரசுத் தரப்பு இயலாமையைக் காட்ட வேண்டும். அப்போது ஒருவர் எப்படி நின்றார், எப்படிப் பேசினார், மருத்துவ அதிகாரி என்ன குறித்தார் என்பதெல்லாம் உயிருள்ள சான்றுகள். மரணமோ காயமோ விளைந்த வழக்குகளுக்கான பிரிவு 44-இலும் 'கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு' என்ற ஒரு கிளை உண்டு. ஆனால் அதே பிரிவில் 'வரம்புக்கு மேல் ஆல்கஹால்' என்ற இரண்டாவது கிளையும் இருப்பதால், எண் கையில் இருக்கும் அரசுத் தரப்பு முதல் கிளையில் மட்டும் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பிரிவின் கீழ் உயிரிழப்புக்கு 10 முதல் 15 ஆண்டு சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதமும் இருக்கின்றன. உங்கள் வழக்கு அந்த அளவுக்குப் போகவில்லை என்பதை நினைத்துப் பார்த்து ஆறுதல் கொள்ளுங்கள்.

சம்பவம் தோட்டத்துக்குள் நடந்திருந்தால் வேறு கேள்வி எழுந்திருக்கும். வாசலில் தடுப்பும் காவலும் வைத்து, பொதுமக்களை உள்ளே விடாத தோட்டச் செம்மண் பாதை 'சாலை' ஆகுமா என்பது வாதிடத்தக்கது. நீங்கள் நிறுத்தப்பட்டது பொதுச் சாலையில் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

உங்கள் வழக்கறிஞர் உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. சாலையோரத்தில் கையடக்கக் கருவியில் ஊதியது முதற்கட்டச் சோதனை மட்டுமே. குற்றச்சாட்டுக்கு அடிப்படையானது நிலையத்தில் எடுத்த மாதிரி. எத்தனை முறை ஊதினீர்கள், ஒவ்வொன்றிலும் என்ன எண் வந்தது, அச்சிட்ட சீட்டில் உள்ள நேரமும் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கின்றனவா, அந்த நேரத்துக்கும் உங்களை நிறுத்திய நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, அந்தக் கருவி முறையாகச் சரிபார்க்கப்பட்டதா, அதை இயக்கிய அதிகாரி அதற்குப் பயிற்சி பெற்றவரா, ஊதுவதற்குச் சற்று முன் ஏப்பம் விட்டீர்களா, வாந்தி எடுத்தீர்களா, வாயில் மவுத்வாஷ் ஏதும் இருந்ததா என்பவை எல்லாம் அர்த்தமுள்ள கேள்விகள். வாயிலேயே தங்கியிருக்கும் ஆல்கஹால் கருவியில் எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் ஊதுவதற்கு முன் சிறிது நேரம் காத்திருக்க வைப்பார்கள். இரத்த மாதிரியும் எடுத்திருந்தால் அது மருத்துவ அதிகாரி உங்கள் சம்மதத்தோடு எடுத்ததா, அதன் முத்திரையும் கைமாறிய பதிவும் மலேசிய இரசாயனத் துறைக்குப் போய்ச் சேரும் வரை அறுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் குறை கண்டுபிடித்தால் அது எண்ணையே தாக்கும். எண்ணைத் தாக்காத எந்த வாதமும் 45ஏ வழக்கில் வீண்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. இருபத்திரண்டுக்கு அருகில், 24, 25 என்று வந்த வழக்கில் கருவியின் சிறு பிசகுகூட முடிவை மாற்றும். 58-இல் அப்படியல்ல. சிறு குறைகளை அடுக்கி 36 புள்ளிகளைக் கரைத்துவிடலாம் என்று யாராவது உங்களுக்கு உறுதி கொடுத்துப் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இன்னொரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ சட்ட உதவித் துறையையோ அணுகலாம். வருமானத்தைப் பொறுத்துத் தகுதி பார்ப்பார்கள்.

ஆவணங்களைப் பார்த்த பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்வதே சரி என்று வழக்கறிஞர் சொன்னால், அப்போது பழக்கம் என்ற விஷயம் வேறு முகத்தோடு திரும்பி வருகிறது. முதல் குற்றத்துக்கு 45ஏ-இன் கீழ் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத, 30,000-க்கு மிகாத அபராதமும், இரண்டு ஆண்டு வரையிலான சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. 10,000 என்ற தரையை மாஜிஸ்திரேட்டால்கூடக் குறைக்க முடியாது. குடும்ப நிலையைச் சொல்லி அழுவதால் 3,000, 4,000 என்று ஆகிவிடாது. ஆனால் அந்தத் தரைக்கும் கூரைக்கும் இடையில் எங்கே நிற்பது, சிறை எவ்வளவு என்பதில் தண்டனைக் குறைப்பு முறையீட்டுக்கு இடம் இருக்கிறது. 'எனக்குப் பழகிவிட்டது, ஒன்றும் ஆகாது' என்று சொல்பவரை மறுபடியும் ஓட்டக்கூடியவராக மாஜிஸ்திரேட் பார்ப்பார். 'இவ்வளவு குடித்தும் தெரியாத அளவுக்கு உடம்பு ஆகிவிட்டது என்று அன்றுதான் புரிந்தது, மருத்துவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்' என்று கிளினிக் அட்டையோடு வருபவரை வேறு விதமாகப் பார்ப்பார். இரண்டு பேரும் சொல்வது ஒரே உண்மைதான் என்றாலும் அட்டை வைத்திருப்பவரை நம்பக் காரணம் இருக்கிறது. அந்த அட்டை நீதிமன்றத்துக்கு முதல் நாள் வாங்கியதாக இருக்கக் கூடாது என்பதால் இப்போதே சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ போய்விடுங்கள். உங்களைப் போல நீண்டகாலம் தினமும் குடித்தவர்கள் ஒரே நாளில் முற்றாக நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, சிலருக்கு வலிப்பு வரைகூடப் போகலாம். வீட்டிலேயே வைராக்கியமாக நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். அவரே முறையாகக் குறைத்துக் கொண்டுவருவார்.

லைசென்சைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். குற்றம் நிரூபிக்கப்பட்டால் முதல் முறைக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும், அடுத்தடுத்த முறைக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமலும் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கம் செய்யப்படுவீர்கள். அது சொந்தக் காரில் நடந்தது, வேலை லோரியில் அல்ல என்பதால் ஜிடிஎல் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். தகுதி நீக்கம் உங்கள் மீது வருவது, வாகனத்தின் மீது அல்ல. லோரி, கார், மோட்டார் எதையும் ஓட்ட முடியாது. இரண்டு ஆண்டுகள் வருமானம் எங்கிருந்து வரும் என்று தோட்ட நிர்வாகத்தோடு இப்போதே பேசிவைப்பது நல்லது. ஆலையிலோ குலை பொறுக்கும் குழுவிலோ வேலை மாற்றித் தர முடியுமா என்று தீர்ப்புக்கு முன்பே கேளுங்கள். நிர்வாகம் கொடுக்கும் கடிதத்தை முறையீட்டோடு சேர்க்கவும் முடியும்.

சோதனைக்கு மறுத்துவிடச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நியாயமான காரணமின்றி மாதிரி கொடுக்க மறுப்பதே சட்டப்படி தனிக் குற்றம். அதன் தண்டனையும் இதே கனத்தது. மூச்சுத் திணறல் நோய் போன்ற உண்மையான காரணத்தால் ஊத முடியவில்லை என்றால் அதை அந்த இடத்திலேயே அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அப்போது இரத்தமோ சிறுநீரோ கேட்பார்கள். மறுத்தவரின் வழக்கில் குறை காண எண்ணும் இல்லை, சீட்டும் இல்லை. மறுப்பு மட்டுமே இருக்கும்.

கடைசியாக, தீர்ப்பு வரும் வரை ஓட்டலாமா என்பது. உங்கள் ஜாமீன் பத்திரத்தில் லைசென்சை ஒப்படைக்கும் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். இல்லை என்றாலும், முந்தின இரவு குடித்துவிட்டு அதிகாலையில் குலை ஏற்றப் போகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அன்றிரவு 11.30-க்கு உங்கள் உடம்பில் 130 மில்லிகிராம். மணிக்கு 15 கழிந்தால் காலை 5 மணிக்குத்தான் 50-ஐ ஒட்டி வரும். கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருந்தாலோ, கல்லீரல் மெதுவாக வேலை செய்தாலோ, தூங்கி எழுந்து குளித்துக் கோப்பி குடித்த பிறகும் நீங்கள் வரம்புக்கு மேல்தான் இருப்பீர்கள். குளியலும் கோப்பியும் அந்த எண்ணில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது. இந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதிகாலை லோரியில் இன்னொரு முறை பிடிபட்டால், இரண்டாவது குற்றத்துக்கான 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும் ஐந்து ஆண்டு வரையிலான சிறையும் வந்துவிடக்கூடிய நிலைக்கு மிக அருகில் போய்விடுவீர்கள். நீதிமன்றத் தேதிக்கு வழக்கறிஞரிடம் போகும்போது குற்றச்சாட்டுத் தாள், ஜாமீன் பத்திரம், சோதனைச் சீட்டின் நகல், இரண்டு லைசென்சுகள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கிளினிக் அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.